விமானப் பயணமும் வீட்டுப் பொன்னும்

யாழ்ப்பாணத்திலிருந்து அன்னை ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். ரொறன்ரோ நகரில் வாழும் மகனுக்கு அங்கேயே திருமணம் நிச்சயமாகியிருக்கின்றதாம். தாலிக்கொடியைத் தம் குடும்பத்துப் பத்தரிடம் செய்வித்துத் தாமே கொண்டுசெல்ல எண்ணியிருக்கின்றார். முன்னர் ஒரு முறையேனும் விமானத்தில் ஏறியவரல்லர். விமான நிலையத்திலே பொருள் ஒரு வழியாகவும் ஆள் வேறு வழியாகவும் போக நேரிடும் என்று அயலவர் சொல்லக் கேட்டு, அந்த வேளையில் தம் பொன்னுக்கு யார் காவல் என்று வினவுகின்றார்.

கேள்வி மிகவும் நியாயமானது. நம்மவர் வீட்டுத் தாலிக்கொடி ஒன்பது, பதினொன்று, பதினைந்து என ஒற்றை எண்ணிலமைந்த பவுண்களிற் செய்யப்படுவது வழக்கம். பவுண் ஒன்று 8 கிராம். ஆகவே பதினொரு பவுண் கொடி 88 கிராம் நிறையுடையது. அதனை வாங்குவதற்குக் காணி ஈடு வைத்தவர்களும் உளர். பல ஆண்டு சீட்டுப் பிடித்தவர்களும் உளர். அத்தகைய பொருளை முன்பின் அறியாதார் நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டத்தில் இட்டுவிட்டு அப்பாற் செல் என்றால், எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதைக்கவே செய்யும்.

விமானப் பயணம் எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது, இக்காலத்துக் கதிர்க்கருவிகளும் உலோகம் காட்டும் வாயில்களும் பயணிகளின் வழியில் நிற்கவில்லை. விமானக் கடத்தல்கள் பெருகிய பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. அமெரிக்க நாட்டில் 1973ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி முதல் பயணிகள் அனைவரையும் சோதித்தல் கட்டாயமாயிற்று. 2001ஆம் ஆண்டு டிசம்பரிற் பயணி ஒருவன் சப்பாத்தினுள் வெடிமருந்து மறைத்துச் சென்றதனாற் சப்பாத்துக் கழற்றும் வழக்கம் வந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பிரித்தானியாவில் அம்பலமான சதி ஒன்றினால் நீர்ப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. இக்கட்டுப்பாடுகளுட் சில பின்னர் இடத்திற்கிடம் தளர்த்தப்பட்டன. ஆயினும், கைப்பையைக் கையிலிருந்து விட்டுவிடும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் எங்கும் நிலைத்துவிட்டன.

கட்டுநாயக்காவிலே நிலையக் கட்டடத்தினுள் நுழையும்போதே பொதிகள் யாவும் ஒரு முறை கதிர்க்கருவியினூடே செல்லும். விமானத்தில் ஏறுவதற்கு முன்னர் கைப்பை மீண்டும் சோதிக்கப்படும். இடைவழியில் விமானம் மாறும் நிலையங்கள் பலவற்றில் மற்றொரு சோதனை உண்டு. எனவே, ரொறன்ரோ செல்லும் அன்னையார் தம் கைப்பையை மும்முறையேனும் பிரிய நேரிடலாம். முதற்சோதனையில் விழிப்பாயிருப்பவர்கள் கூட மூன்றாவதிற் களைத்துப் போகின்றார்கள். இரவெல்லாம் உறக்கமின்றி வந்து, அடுத்த விமானத்துக்கு நேரமாகின்றது என்ற பதற்றத்துடன் நிற்கும் அந்த இடமே நாம் மிகவும் அஞ்ச வேண்டிய இடம்.

இனி, அங்கே கள்வர் உளரா என்ற வினா. உளர் என்பதை மறைத்துப் பயனில்லை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையச் சோதனை உத்தியோகத்தர் ஒருவர், பயணிகளின் பொதிகளிலிருந்து ஒளிப்படக் கருவி முதலியவற்றைத் திருடி இணைய ஏலத்தில் விற்றமைக்காகக் கைதாகிப் பின்னர் சிறை சென்றார். 2023ஆம் ஆண்டில் மயாமி விமான நிலையத்திலே, கதிர்க்கருவிக்குள் நுழையும் பைகளிலிருந்து பணத்தை எடுத்ததாக உத்தியோகத்தர் சிலர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. ஒரு பணப்பையிலிருந்து 600 டொலர் எடுக்கப்படும் காட்சி கண்காணிப்புக் கமெராவிற் பதிவாகி உலகெங்கும் காட்டப்பட்டது.

எனினும், இவற்றைக் கேட்டுச் சோதனைக்காரர் யாவரையும் கள்வரென்று எண்ணுவது அறிவுடைமையன்று. அதே அமெரிக்க நாட்டிற் பயணிகள் தட்டங்களில் மறந்து விட்டுச்சென்ற சில்லறைக் காசு மட்டும், 2019ஆம் நிதியாண்டில் 9 இலட்சத்து 26 ஆயிரம் டொலருக்கு மேற்பட்டதெனச் சோதனைத் திணைக்களமே கணக்குக் காட்டியது. ஒருவரும் திருடாமலே, ஒருவரும் பறிக்காமலே, அத்தனை பணம் கைவிடப்பட்டிருக்கின்றது! காசை மறப்பவர் மோதிரத்தையும் மறப்பார், கைக்கடிகாரத்தையும் மறப்பார். மற்றொருவரின் மடிக்கணினியைத் தமதென்று கருதி எடுத்துச் செல்லும் நல்ல மனிதரும் இருக்கின்றார். ஆகவே, கள்வனுக்கு அஞ்சுவதிற் பாதியளவேனும் நம் அவசரத்துக்கு அஞ்சுதல் வேண்டும் என்பது நமது கருத்து.

பொன்னை அணிந்து செல்வதா, பையில் வைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் முன், கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. மாணவ நேயர்கள் இப்பகுதியைத் தம் அன்னையருக்கு வாசித்துக் காட்டுவார்களாக.

நாம் நடந்து செல்லும் வாயிலின் இரு பக்கங்களிலும் கம்பிச் சுருள்கள் மறைந்திருக்கின்றன. அவை விட்டுவிட்டு எழும் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. மின் கடத்தும் பொருளொன்று அப்புலத்தினுட் புகுந்தால் அதனுள்ளே சுழல் மின்னோட்டம் பிறக்கின்றது. அது தானும் ஒரு சிறு காந்தப் புலத்தை எழுப்பி வாயிலுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது. காந்தம் இழுக்காத பொன்னை இவ்வாயில் எவ்வாறு அறியும் என்று சிலர் வினவுவர். பொன் மிக நன்றாக மின்னைக் கடத்தும் உலோகம், அதுவே போதும். மின்னோட்டம் சுழன்று வருவதற்கு முழு வட்டம் வாய்ப்பாயிருப்பதால், காப்பும் கனத்த கொடியும் சிறு தோட்டைக் காட்டிலும் எளிதில் அகப்படும். மெல்லிய சங்கிலியும் மூக்குத்தியும் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்துவிடும். வாயில் ஒலித்தது என்பதனால் நாம் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. கைக்கருவியால் ஒரு முறை தடவிப் பார்ப்பார்கள். ஒலிப்பது கொடிதான் என்று கண்டதும் போகவிடுவார்கள்.

கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டு வேறு வகையானது. அது மில்லிமீற்றர் அலைகளைக் கொண்டு உடலின் மேலுள்ள பொருள்களைக் காண்கின்றது. இன்றைய கருவிகளின் திரையிலே நம் உருவம் தோன்றாது; பொம்மை போன்ற பொதுவான ஒரு கோட்டுருவில், எந்த இடத்திற் பொருள் இருக்கின்றது என்ற அடையாளம் மட்டுமே தெரியும். நாணமுடைய மூதாட்டியர் இதனை அறிந்திருப்பின் வீண் மனவருத்தம் நேராது.

பைகள் செல்லும் பெட்டியிலோ எக்ஸ் கதிர் வேலை செய்கின்றது. துணி, புத்தகம், பலகாரம் ஆகியன திரையிற் செம்மஞ்சளாகவும், உலோகங்கள் நீலமாகவும் காட்சி தரும். பொன் போன்ற கனத்த உலோகம் கதிரைத் தன்னூடே செல்ல விடாமையாற் கருநிழலாகத் தோன்றும். இதிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. நகைகளையெல்லாம் ஒன்றாகச் சுருட்டி, தகரப் பேணிக்குள் அடைத்து, அதனைப் பையின் அடியிற் புதைத்து வைத்தால், திரையில் அது கரும் பிண்டமாகத் தெரியும். உத்தியோகத்தர் அதனைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார். யாருக்கும் தெரியக்கூடாதென்று மறைத்த பொருள் எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேல் விரிக்கப்படும். பால்மாப் பேணிக்குள்ளும் மிளகாய்த்தூளுக்குள்ளும் நகை புதைக்கும் பழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழியவில்லை. அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், கைப்பையிலே 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள்வகை இருப்பின் அதனைத் தனியே சோதிக்கலாம் என்ற விதி வேறு இருக்கின்றது. தூளுக்குள் வைத்த தோடு பத்திரம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு மெல்லிய துணிப்பையிற் பரப்பி வைப்பதே சிறந்தது. கதிர்பட்டுப் பொன்னுக்கோ மணிக்கோ கைக்கடிகாரத்துக்கோ வங்கி அட்டைக்கோ யாதொரு கேடும் நேராது. பழைய முறைப்படி படச்சுருள் பாவிக்கும் ஒளிப்படக் கலைஞர்கள் மட்டும் அதனைக் கையாற் சோதிக்குமாறு கேட்டுக்கொள்ளல் நலம்.

இனி வழக்கத்துக்கு வருவோம். செய்ய வேண்டியவற்றிற் பெரும்பகுதி வீட்டிலேயே செய்து முடிக்கத்தக்கது. கழுத்திலிருக்கும் தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை; அதனை அணிந்தவாறே வாயிலைக் கடக்கலாம். திருமணத்துக்கென்று கொண்டுசெல்லும் புதுக்கொடியையும் மற்றைய நகைகளையும் பயணத்தின்போது அணியாது, இழுப்புப் பூட்டுள்ள துணிப்பையிலிட்டு, அப்பையைக் கைப்பையின் உட்பகுதியில் வைத்து, கைப்பையின் வாயையும் பூட்டிவிடல் வேண்டும். காசு, மோதிரம், கைக்கடிகாரம், திறப்புக் கோவை, கைத்தொலைபேசி ஆகிய யாவும் வரிசையில் நிற்கும்போதே அதே கைப்பையினுட் புகுந்துவிட வேண்டும். திறந்த தட்டத்தில் எதனையும் உதிரியாக வைத்தலாகாது. நம்மவர் பலர் வரிசையின் தலைப்புக்கு வந்த பின்னரே, பின்னால் நிற்போரின் முணுமுணுப்புக்கிடையிலே, வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்குகின்றார்கள். கழற்றியதை எங்கே வைத்தோம் என்பது அவர்களுக்கே தெரியாது. கழற்ற வேண்டியது என்று நீங்கள் கருதுவதை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

அடுத்து, பையைப் பட்டியில் விடும் நேரம். அறியாதவர்கள் பையை முதலில் ஓடவிட்டு, அதன் பின்னர் சப்பாத்துக் கழற்றுவதும் இடுப்புப்பட்டி அவிழ்ப்பதுமாக நிற்பார்கள். அவர்கள் வாயிலைக் கடக்கும் முன்பே பை மறுபுறம் சென்று கேட்பாரற்றுக் கிடக்கும். முறை இதற்கு நேர்மாறானது. சப்பாத்து, மேலங்கி, உணவுப் பொதி என்பவை முன்னே செல்லட்டும். பொன்னும் கடவுச்சீட்டும் உள்ள கைப்பை இறுதியிற் செல்லட்டும். உமக்கு முன்னிற்பவர் வாயிலைக் கடந்து, உம்மை வருமாறு உத்தியோகத்தர் சைகை காட்டும் வரையில், அக்கைப்பையின்மீது ஒரு கை இருக்கட்டும். பை கருவியின் வாய்க்குள் மறைவதைக் கண்ணாற் கண்ட பின்னரே காலடி எடுத்து வைத்தல் வேண்டும். சற்று விரைவாகப் போகுமாறு யாரேனும் சொன்னால், பணிவாக ஒரு நொடி பொறுக்குமாறு கேட்கலாம். அதற்காக எவரும் கோபித்துக்கொள்வதில்லை.

குடும்பமாகச் செல்வோருக்கு இது இன்னும் எளிது. வீட்டில் நிதானமானவர் யாரோ, அவர் கையில் எதுவுமின்றி முதலில் வாயிலைக் கடந்து மறுபுறம் நிற்கட்டும். பொதிகளைப் பட்டியில் வைக்கும் பொறுப்புடையவர் கடைசியில் வரட்டும். இடையிலே முதியோரும் குழந்தைகளும் செல்லட்டும். பையின் இரு முனையிலும் நம் கண் இருக்கும். பல்கலைக்கழகத்திற் படிக்கும் மகனோ மகளோ உடன் வந்தால் முதலிற் செல்லும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்ட அந்தச் சில நிமிடங்களிலேனும் பெற்றோரின் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்புக் கிட்டும்!

தனியே செல்லும் பெண்களின் நிலைதான் கடினம். சென்னை முதலிய இந்திய விமான நிலையங்களிற் பெண்களைத் திரையிட்ட தடுப்புக்குள் அழைத்துப் பெண் காவலர் சோதிப்பர். மானத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாம் திரைக்குள் நிற்கும்போது நமது கைப்பை வெளியே வந்து பட்டியின் முனையிற் கிடக்கும். பலாலியிலிருந்து சென்னைக்கு 2019ஆம் ஆண்டிலே தொடங்கி, இடையில் நின்று, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கிய விமான சேவையினால், யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலர் கோயில் தரிசனத்துக்கும் மருத்துவத்துக்கும் புடைவை வாங்கவும் தனியே சென்று வருகின்றார்கள். திரும்பி வரும்போது இத்தடுப்புக்குள் நின்றாக வேண்டும். அவர்கள் அதனுட் புகுமுன், தம் பை இன்னும் வெளிவரவில்லை என்றும், அதனைக் கண்முன்னே வைத்திருக்க விரும்புவதாகவும் பெண் காவலரிடம் சொல்லலாம். அவருக்கும் தமிழ் தெரிந்திருக்கலாம்; தெரியாவிடினும், பையைச் சுட்டிக்காட்டும் விரல் எம்மொழியினர்க்கும் விளங்கும்.

கழுத்துக்கொடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று எங்கேனும் சொல்லப்பட்டால், மண்டபத்தின் நடுவே நின்று கழற்ற வேண்டியதில்லை. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளிலே தனியறையிற் சோதிக்குமாறு பயணி கேட்கலாம். பெண்ணைப் பெண்ணே சோதிப்பார். அறைக்குச் செல்லும்போது உங்கள் கைப்பையும் உங்களுடன் வரல் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாலியைக் கழற்றுதல் நம் பெண்களுக்கு எத்தகைய மனவேதனை என்பதைப் பிற நாட்டு உத்தியோகத்தர் அறிந்திருக்க நியாயமில்லை. இது திருமணத்தின் அடையாளம், கழற்றும் வழக்கமில்லை என்று அமைதியாக ஒரு வார்த்தை கூறுதல் பெரும்பாலும் போதுமானது. அழுவதும் வாதாடுவதும் அவர்களுடைய ஐயத்தையே வளர்க்கும்.

மறுபுறம் பை வந்ததும், அந்த இடத்திலேயே நின்று பொருள்களை அணிந்துகொள்ள முற்படாதீர்கள். தட்டத்தையே தூக்கிக்கொண்டு, ஓரமாக உள்ள ஆசனத்துக்குச் சென்று, அமர்ந்து, ஒவ்வொன்றாக எண்ணி எடுங்கள். ஐந்து பொருள் வைத்தோம் என்றால் ஐந்து பொருள் எடுத்தல் வேண்டும். இந்த எண்ணிக்கையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் அது ஒருபோதும் தவறவிடாது, பெரியவர்களே தவறவிடுகின்றார்கள். மடிக்கணினிகள் யாவும் ஒரே கருநிறமாயிருப்பதால், அதன் மூடியில் நிறத்தாள் ஒன்றை ஒட்டிவைப்பதும் நல்ல வழி. கடவுச்சீட்டு தொலைந்தால் பொன் இருந்தும் பயனில்லை. அதனை இழுப்புப் பூட்டுள்ள அதே உட்பையில் வைத்தல் வேண்டும். மேலங்கிப் பையில் வைத்தலாகாது.

இத்துணை தொல்லையும் எதற்கு, விமானத்தின் அடியிற் செல்லும் பெரிய பெட்டியில் நகைகளை வைத்துப் பூட்டிவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். அதனினும் பெரிய பிழை வேறில்லை. அப்பெட்டி நம் கண்ணுக்கு அப்பால் எத்தனையோ கைகள் மாறுகின்றது. சோதனையாளர் பொதுத்திறப்பினால் திறக்கத்தக்க பூட்டுகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அப்பொதுத்திறப்புகளின் ஒளிப்படம் 2014ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே அப்படத்தைக் கொண்டே திறப்புகளை அச்சுக்கருவியில் வார்த்துக் காட்டினார்கள். பூட்டு, பெட்டியின் வாய் திறவாமற் காக்குமேயன்றிப் பொன்னைக் காவாது.

சட்டமும் இவ்விடயத்தில் நமக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. சர்வதேச விமானப் பயணங்களுக்குரிய 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், தொலைந்த பொதிக்காக விமான நிறுவனம் ஒரு பயணிக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட உச்சத்தொகை, 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி முதல் 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் ஆகும். இது ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலர். பதினொரு பவுண் கொடியின் விலைக்கு இது எட்டுமா என்பதை இல்லத்தரசிகளே கணக்கிட்டுக்கொள்ளலாம். பொதியை ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை விசேடமாக அறிவித்து, கேட்கும் மேலதிகக் கட்டணத்தைச் செலுத்தினாலன்றி இவ்வெல்லை உயராது. அன்றியும், நகை, பணம், பத்திரங்கள் ஆகியவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தல் ஆகாதென்று விமான நிறுவனங்கள் தம் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. வீட்டை விட்டுப் புறப்படுமுன் காப்புறுதி செய்துகொள்வது இதனினும் உறுதியான வழி. அதற்கும் பத்தரின் பற்றுச்சீட்டும் நகையின் ஒளிப்படமும் வேண்டும்.

அப்பற்றுச்சீட்டு வேறொரு வகையிலும் பயன்படும். பாதுகாப்புச் சோதனை வேறு, சுங்கச் சோதனை வேறு என்பதை நம்மவர் பலர் அறியார். முன்னது ஆயுதத்தைத் தேடுவது. பின்னது தீர்வையைத் தேடுவது. முன்னதிற் சிரமமின்றிக் கடந்த கொடி பின்னதில் மாட்டிக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தலயாத்திரைக்காகச் சென்னைக்குச் சென்ற இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சுங்க உத்தியோகத்தர் கைப்பற்றினர். அவர் நீதிமன்றம் சென்றார். 2025ஆம் ஆண்டிலே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், அதனைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட்டு, உத்தியோகத்தரின் நடத்தையையும் கண்டித்தார். பெண்ணின் பக்கம் நியாயம் இருந்தது. ஆயினும் தாலியின்றி ஓராண்டுக்கு மேல் அவர் காத்திருக்க நேர்ந்தது. ஒரு நீதிபதியின் கட்டளையை நம்பி எல்லாரும் இருபது பவுண் அணிந்து போகலாம் என்று கருதுவதும் பிழை.

அணிந்து சென்று அணிந்து திரும்பும் நகையும், அங்கே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வரும் நகையும் சுங்கத்தின் கண்ணில் ஒன்றல்ல. கனடாவிலே 60 கனடிய டொலர் பெறுமதிக்கு மேற்பட்ட பரிசுப் பொருளுக்கு வரி உண்டு. மருமகளுக்குக் கொடுக்கும் புதுக்கொடி இறங்கும் இடத்திற் சொல்லப்பட வேண்டிய பொருளே. வரி கட்ட நேரிடலாம். அதனைத் திருமணச் செலவோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளல் வேண்டும். கழுத்தில் அணிந்தால் தமது நகையென்று எண்ணிக்கொள்வார்கள் என்று யோசனை கூறும் உறவினர் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள். அகப்பட்டால் கொடியே பறிபோகலாம். யோசனை கூறியவர் அப்போது பக்கத்தில் நிற்கமாட்டார். 10,000 கனடிய டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணத்தையும் அங்கே கட்டாயம் அறிவித்தல் வேண்டும்.

இத்தனை விழிப்புக்குப் பின்னரும் பொருளொன்று காணாமற் போனால், அந்த இடத்தை விட்டு நகரலாகாது. விமானம் புறப்படுமே என்று ஓடிவிட்டால், பொருள் போனதுதான். சோதனை வரிசையின் மேற்பார்வையாளரை அழைத்து, எந்த வரிசை, எத்தனை மணி, எத்தகைய பை, என்ன பொருள் என்பவற்றைச் சொல்லுங்கள். தட்டங்கள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி மீண்டும் முன்னே கொண்டு செல்லப்படுவதால், மோதிரம் போன்ற சிறு பொருள் அடுக்கின் நடுவே கிடக்கக்கூடும்; முதலில் அவ்வடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியின் இரு முனைகளிலும் பெரும்பாலும் கமெரா இருக்கும். பதிவுகள் நெடுநாள் வைக்கப்படுவதில்லை. ஆதலால் அன்றே முறைப்பாடு எழுத வேண்டும். கட்டுநாயக்காவானால் விமான நிலையப் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க நிலையங்களானால் இரண்டு ஆண்டுகளுக்குள் சோதனைத் திணைக்களத்துக்கு எழுத்துமூலம் நட்டஈடு கோரலாம். விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி சேதமுற்றிருப்பின் அதனைப் பெற்ற 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்திருப்பின் 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது மொன்றியல் உடன்படிக்கையின் விதி. பற்றுச்சீட்டின் பிரதியும் நகைகளின் ஒளிப்படமும் அதே கைப்பையில் இருந்தால் அவையும் உடன் போய்விடும். ஒரு பிரதியை வீட்டில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.